சிட்னியில் இறங்காதவள்

நான் சிட்னிக்குப் போனதே இல்லை. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை, சிட்னி விமான நிலையத்தில், என்னை முன்பின் கண்டிராத ஒரு மனுசி, இடியப்பமும் சம்பலும் கட்டிய பார்சலோடு எனக்காக மத்தியானம் வரைக்கும் காத்து நின்றா. அவவின் கணவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூட நின்றாராம். என் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிடச் செய்தார்களாம். அந்த நேரம் நான் பசிபிக் கடலுக்கு மேலே, ஒரு குட்டி விமானத்தின் யன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, துவாலு என்ற நாடு எங்கே தெரியும் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

லண்டனில் எங்கள் ஆட்கள் இதைப் பகிடியாகச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் பல்லைக் காட்டியிருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் சிரிப்பு வருகுதில்லை, எரிச்சல்தான் வருகிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பல்கலைக்கழகத்தில் புவியியல், கடைசி வருடம். "ஒரு பவளத் தீவில் நிலத்தடித் தண்ணீர் எவ்வளவு உப்பாகிறது என்று அளக்கப் போகிறோம், ஆறு கிழமை, நாலு மாணவர்கள் வேண்டும்" என்று விரிவுரையாளர் சொல்லி முடிக்க முதலே நான் கையை உயர்த்திவிட்டேன். எந்த நாடு என்றுகூடக் கேட்கவில்லை. பிறகுதான் நூலகத்துக்கு ஓடிப்போய் உலகப்படத்தை விரித்தேன். பக்கம் முழுக்க நீலம். நடுவில் ஈ இருந்துவிட்டுப் போனமாதிரி சில புள்ளிகள். அந்தப் புள்ளிகளில் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு கொடி இருக்கிறது, ஒரு பாராளுமன்றம் இருக்கிறது! வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு பஸ்ஸில் இருக்க முடியவில்லை. முந்திய தரிப்பிடத்திலேயே இறங்கி, கோலியர்ஸ் வுட்டில் எங்கள் பிளாட்டுக்கு ஓடியே வந்தேன்.

அம்மா குசினியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு நின்றா. அண்ணை சேட்டுக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தான். அப்பா இரவு ஷிப்டுக்குப் போகமுன் நித்திரை.

"அம்மா, நான் துவாலுவுக்குப் போறன்!"

"எங்க?"

"பசிபிக்கில. ஒரு தீவு. ஒண்டில்லை, ஒன்பது தீவு."

அம்மா அடுப்பைக் குறைத்தா. "தீவோ?"

"ஓம்."

"ஒரு தீவில இருந்து வெளிக்கிட்டு வர நாங்கள் பட்ட பாடு காணாதெண்டே இன்னொரு தீவுக்குப் போறாய்? என்ன செய்ய?"

"கிணத்துத் தண்ணி எவ்வளவு உப்பெண்டு அளக்க."

"உதுக்குப் பல்கலைக்கழகமோ? வாயில விட்டுத் துப்பினாத் தெரியாதே?"

அண்ணை விழுந்து விழுந்து சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. அவவின் கண் யன்னலுக்குப் போய்த் திரும்பி வந்தது. யாராவது கேட்டிருப்பார்களோ என்று பார்க்கிற பார்வை அது. மூன்றாம் மாடியில்!

எங்கள் ஊர் நெடுந்தீவு. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே, கடலுக்குள்ளே, படகில் போகவேண்டிய ஊர். யாழ்ப்பாணத்துப் பெருநிலத்தில் இருக்கிறவர்கள் எங்களைத் 'தீவார்' என்பார்கள். அந்தச் சொல்லை அவர்கள் சொல்லும்போது உதடு ஒரு பக்கம் கொஞ்சம் கோணும். அந்தக் கோணலுக்குப் பயந்துதான் லண்டனில் எங்கள் வீடு நடந்தது. எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால், கோயிலிலோ பிறந்தநாளிலோ, பெயருக்கு அடுத்த கேள்வி "ஊரில எவடம்?" என்பதுதான். அம்மாவின் பதில் எப்போதும் ஒன்று: "ரவுண் பக்கம்." யாழ்ப்பாண நகரமாம். சிலர் விடமாட்டார்கள். "ரவுணில எவடம்?" "பெரியாஸ்பத்திரிக்குக் கிட்ட." அம்மா அந்தப் பெரியாஸ்பத்திரிக்குக் கிட்டப் போனது என்னைப் பெறுவதற்கு. படகில் வந்து, இறங்கி, பஸ் பிடித்து, பெற்று, திரும்பப் படகில் ஏறினா. அவ்வளவுதான் எங்களுக்கும் ரவுணுக்கும் உள்ள சம்பந்தம். சின்ன வயதில் நான் ஒருக்கால் கோயில் அன்னதானத்தில் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா தொடையில் கிள்ளினா. சேலைக்குக் கீழால், யாருக்கும் தெரியாமல், நல்ல கிள்ளு.

அந்த வருடம் பயம் இரட்டித்திருந்தது. அண்ணைக்கு அவனோடு வேலை செய்த ஒரு பிள்ளையில் விருப்பம். அவளுக்கும்தான். லூயிஷாமில் வீடு. தகப்பன் இல்லை, முடிவெல்லாம் தாயின் கையில். தாய் யாழ்ப்பாணப் பெருநிலத்தில் வடமராட்சிப் பக்கம், படித்த குடும்பம், கதைக்கும்போது மூக்கால் மூச்சுவிடுகிற மனுசி. நாங்கள் அவவை அன்ரி என்றோம். பேச்சு நல்லபடி போய்க்கொண்டிருந்தது. அண்ணை அந்த நாட்களில் குளிக்கும்போது பாடினான். அதற்கு முன்னும் பின்னும் அவன் பாடி நான் கேட்டதில்லை.

"அவைக்கு முன்னால உன்ர தீவுக் கதையை எடுத்துப் போடாத" என்றா அம்மா. "பசிபிக் தீவு எண்டு துவங்கும். பிறகு உங்கட பக்கமும் தீவுகள் இருக்கல்லோ எண்டு வரும். கடைசியா எங்கட வீட்டு வாசல் படலையில வந்து நிக்கும். சம்பந்தம் முடியட்டும். பிறகு நீ சந்திரனுக்குப் போ."

"அப்ப நான் எங்க போறனெண்டு சொல்லப் போறியள்?"

"அவுஸ்திரேலியா. படிப்பு விசயம்."

நான் அண்ணையைப் பார்த்தேன். அவன் அயன்பெட்டியைப் பார்த்தான். "கொஞ்ச நாளைக்குத்தானே தங்கச்சி" என்றான். சரி, அவனுக்காக, என்று வாயை மூடினேன்.

அம்மா விட்ட பிழை இதுதான்: எங்கள் ஆட்களிடம் ஒரு நகரத்தின் பெயரைச் சொல்லக்கூடாது. சொன்னால் அங்கே யாரோ ஒருவருக்கு யாரோ ஒருவர் இருப்பார். அன்ரி "அவுஸ்திரேலியாவில எவடம்?" என்று கேட்டிருக்கிறா. அம்மாவுக்குத் தெரிந்த ஒரே பெயர் சிட்னி. "சிட்னியோ! என்ர தங்கச்சி அங்கதானே இருக்கிறா! பிள்ளை தனியப் போறதோ? என்ன கதை இது? எப்ப போய் இறங்குறா?" அம்மா என்ன சொல்வா? ஒரு குமர்ப்பிள்ளையை விமான நிலையத்தில் இருந்து ஏற்றிக்கொண்டுபோக ஆள் வருகிறது என்றால் வேண்டாம் என்று எந்தத் தாய் சொல்வா? "ஓம், ஓம், நல்லதாப் போச்சு, வெள்ளிக்கிழமை" என்று சொல்லியிருக்கிறா. எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. ஏதாவது நடந்து எல்லாம் தானாகச் சரிவரும் என்று நம்பினாவாம்.

துவாலுவில் ஓடுபாதைதான் விளையாட்டு மைதானம். விமானம் வரமுதல் ஒரு சங்கு ஊதும். பெடியள் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள், நாய்களைத் துரத்துவார்கள். பிறகு அத்தனை சனமும் வந்து கரையில் நிற்கும், யார் இறங்குகிறார்கள் என்று பார்க்க. இறங்கிய எங்கள் நாலு பேருக்கும் தலையில் பூவளையம் வைத்தார்கள். இடது பக்கம் திரும்பினால் கடல், வலது பக்கம் திரும்பினால் கடல், நடுவில் ஒரு வீதி. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

நான் தங்கிய வீட்டுப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். தொலைபேசி நிலையத்தில் வேலை. நல்ல ஆங்கிலம், அதைவிட நல்ல நக்கல். பாய் விரித்துச் சாப்பாடு வைத்த கையோடு கேட்டாள்: "எந்தத் தீவு?"

"லண்டன்."

"அது நீ படிக்கிற இடம். எந்தத் தீவு?"

அங்கே அதுதான் முதல் கேள்வி. ஒன்பது தீவிலும் இருந்து தலைநகருக்கு வந்திருக்கிறவர்கள், ஆளை ஆள் கண்டால் அதைத்தான் கேட்கிறார்கள். என் நாக்கில் 'ரவுண் பக்கம்' என்பதன் ஆங்கிலம் வந்து நின்றது. பிறகு அவளின் முகத்தைப் பார்த்தேன். கோணல் ஒன்றும் இல்லை. "நெடுந்தீவு" என்றேன்.

அவள் அதைச் சொல்லிப் பார்த்தாள், 'நெடு'வை மென்று மென்று. "கிணறு நல்லதா?"

"ஒன்றிரண்டு. மிச்சம் உவர்."

"எங்களைப் போலத்தான்" என்று எழும்பிப் போய், பக்கத்து வீட்டுக்காரிக்குக் கூவிச் சொன்னாள். அடுத்த நாள் சபை மண்டபத்தில் விருந்து. அவரவர் தீவுக்காரரோடு இருந்தார்கள். எனக்கு நெடுந்தீவு என்று சொல்லித் தனியாக ஒரு பாயைப் போட்டு, நான் மட்டும் தனிய இருக்கக்கூடாது என்று கூட வந்த மூன்று மாணவர்களையும் அந்தப் பாயில் இருத்திவிட்டார்கள். இன்றைக்கு இவர்கள் நெடுந்தீவார் என்று ஒருவர் அறிவித்தார். மண்டபம் கைதட்டியது.

அந்த இடத்தில் எனக்குச் சந்தோசம் வந்திருக்கவேண்டும். கோபம்தான் வந்தது. ஊரின் பெயரைச் சொல்ல நான் பூமிப்பந்தின் மற்றப் பக்கம் வரவேண்டியிருந்ததா?

காலையில் வேலை. சேம்பு மாதிரி ஒரு கிழங்கை அவர்கள் ஆழமான குழி தோண்டி, அடியில் ஊறுகிற நல்ல தண்ணீரில் நடுகிறார்கள். குழி குழியாக இறங்கி, கருவியை விட்டு உப்பை அளந்தோம். கடலோரக் குழிகளில் இலைகள் ஓரத்தால் மஞ்சளித்து மடிந்து கிடந்தன. கருவியின் முள் ஏறிக்கொண்டே போகும். மற்ற மூன்று பேரும் பின்னேரம் நீந்தப் போவார்கள். நான் இன்னும் ஒரு குழி, இன்னும் ஒரு குழி என்று நிற்பேன். வீட்டுக்காரி கேட்டாள்: "இதை எல்லாம் கொண்டுபோய் யாருக்குச் சொல்லுவாய்?"

"எல்லாருக்கும்!" என்றேன். அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாம் கிழமை அவளுடைய தொலைபேசி நிலையத்தில் இருந்து வீட்டுக்கு எடுத்தேன். சொல்ல எவ்வளவு இருந்தது! மறுபக்கம் அம்மா. என் குரல் போய், திரும்பி, ஒரு மூச்சு கழித்து அவவின் குரல் வந்தது.

"அம்மா, நான் துவாலுவில இருந்து கதைக்கிறன்! இஞ்ச தெரியுமே, பிளேன் ஓடுற இடத்தில பெடியள் படுத்து நித்திரை கொள்ளுறாங்கள்!"

"ஓம் பிள்ளை, சிட்னியில நல்ல வெயில்தானே."

"அம்மா?"

"யூனிவேர்சிற்றி ஆக்கள் உன்னை ஏத்திக்கொண்டு போட்டினமோ? அதுதான் அன்ரியின்ர தங்கச்சி காணேல்லை. நான் சொன்னனான். அன்ரி பக்கத்தில இருக்கிறா."

பின்னால் அன்ரியின் குரல்: "தாங்கோ, நானும் ஒருக்கா பிள்ளையோட கதைக்கிறன்." லைன் வெட்டுப்பட்டது. வெட்டுப்படவில்லை; அம்மா வைத்துவிட்டா.

கையில் ரிசீவரோடு நின்றேன். வீட்டுக்காரி கவுண்டருக்குப் பின்னால் இருந்து கேட்டாள்: "நீ ஏன் அப்படிக் கத்தினாய்? உன் அம்மாவுக்குக் காது கேளாதா?"

"கேட்கும்" என்றேன். "நல்லாக் கேட்கும்."

மிச்சக் கதையை ஹீத்ரோவில் இருந்து வரும்போது காருக்குள் அண்ணைதான் சொன்னான். அன்ரியின் தங்கச்சி, அந்தச் சிட்னி அன்ரி, விடவில்லை. ஒவ்வொரு கிழமையும் எடுத்து, பிள்ளை எந்த விடுதி, என்ன நம்பர், சமைச்சுக் கொண்டுபோய்க் குடுக்கிறன் என்று கேட்டிருக்கிறா. அம்மா ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறா. கடைசியில் லூயிஷாமில் ஒரு கதை முளைத்துவிட்டது: பெட்டை அவுஸ்திரேலியாவுக்குப் போகவே இல்லை, ஆரோடயோ வெளிக்கிட்டுப் போட்டுது, தாய் மூடி மறைக்குது.

"அதுக்கு அம்மா என்ன சொன்னவ?"

அண்ணை சிக்னலில் நின்றான். "ஒண்டும் சொல்லேல்லை."

"ஒண்டுமோ?"

"சொன்னா நீ எங்க நிண்டனி எண்டு சொல்ல வேணுமல்லோ."

விளங்குகிறதா? மகள் ஒருவனோடு ஓடிவிட்டாள் என்று ஊர் சொல்லலாம். மகள் ஒரு தீவில் நின்றாள் என்று சொல்லக்கூடாது. எனக்குக் காருக்குள் இருந்த எதையாவது உடைக்கவேண்டும் போல இருந்தது. ஆனால் அண்ணையின் முகம் மெலிந்து போயிருந்தது. "ஞாயிற்றுக்கிழமை அன்ரியும் அவளும் வருகினம்" என்றான். "உன்னோட நேரில கதைக்க வேணுமாம். அதோட ஓமோ இல்லையோ எண்டு முடிவாம்." பிறகு, வீதியைப் பார்த்துக்கொண்டே, "அம்மா உன்னைப் பேர்த் எண்டு சொல்லச் சொல்லுறா. சிட்னியில இறங்காமல் நேரா பேர்த்துக்குப் போனதாம்" என்றான்.

"நீ என்ன சொல்லுறாய் அண்ணை?"

"எனக்குத் தெரியேல்லை."

ஞாயிற்றுக்கிழமை. ரோல்ஸ், பற்றிஸ், பயத்தம் பணியாரம், கேக். அப்பா கழுத்தில் ரை கட்டிக்கொண்டு கதிரையின் நுனியில் இருந்தார். அண்ணை விரும்பிய பிள்ளை தாயைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மூலையில், கையில் கார்ச் சாவியோடு இருந்தாள். அண்ணை அவளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. வெயிலில் கறுத்து, மூக்குத் தோல் உரிந்த என்னை அன்ரி மேலும் கீழும் பார்த்தா.

"எப்பிடிப் பிள்ளை சிட்னி?"

அம்மாவின் குரல் குசினிக் கதவடியில் இருந்து முந்தியது: "பேர்த். அவ பேர்த்திலதான்."

"பிள்ளையைக் கேட்டனான்" என்றா அன்ரி.

நான் அண்ணையைப் பார்த்தேன். பேர்த் என்று சொன்னால் இவனுக்குக் கலியாணம், அவ்வளவு லேசு. ஆனால் பேர்த்திலும் யாருக்காவது ஒரு சித்தப்பா இருக்கத்தானே போகிறார். பிறகு வாழ்நாள் முழுக்க இவன் ஒவ்வொரு ஊருக்கும் பயந்துகொண்டு திரிவான். அறைக்குள் போய், தீவில் எடுத்த புகைப்படங்களைக் கொண்டுவந்து அன்ரியின் மடியில் வைத்தேன். ஓடுபாதை, கிழங்குக் குழி, பூவளையத்தோடு நான், மற்ற மூன்று மாணவர்கள், எங்கள் விரிவுரையாளர் வெயிலுக்குக் குடை பிடித்தபடி.

"இது துவாலு அன்ரி. பசிபிக்கில. நான் ஒருத்தரோடயும் ஓடேல்லை. ஆறு கிழமையும் இஞ்சதான் நிண்டனான்."

அன்ரி ஒவ்வொரு படமாகப் பார்த்தா. "இது தீவெல்லே?"

"ஓம்."

"அப்ப ஏன் உங்கட அம்மா சிட்னி எண்டவ?"

அப்பா ரையைத் தளர்த்தினார். நான் வாயைத் திறக்க, அண்ணை முந்திவிட்டான். "ஏனெண்டால் நாங்கள் தீவார், அன்ரி. நெடுந்தீவு. ரவுண் இல்லை." அவனுடைய காது ரத்தச் சிவப்பு.

அன்ரி படத்தைக் கீழே வைத்தா. "அது எங்களுக்குத் தெரியாதோ? விசாரியாமலோ சம்பந்தம் பேச வந்தனாங்கள்? முதல் கிழமையே உங்கட வீடு வளவு, பாட்டன் பூட்டன், எல்லாம் விசாரிச்சாச்சு. என்ர தங்கச்சியை ஒரு நாள் முழுக்க ஏர்போட்டில நிக்க வைச்சியள் பாருங்கோ, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். தீவெண்டாலும் பரவாயில்லை, பெடியன் நல்ல பெடியன் எண்டுதான் நான்..."

குசினி வாசலில் அம்மா பிளாஸ்கைப் பிடித்தபடி நின்றா. பத்துப் பன்னிரண்டு வருடம் காத்த இரகசியம், முதல் கிழமையே தெரிந்த விசயம். அம்மாவைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்திருக்கவேண்டும். ஆனால் அந்தப் 'பரவாயில்லை' என் தலைக்குள் ஏறிவிட்டது.

"என்ன பரவாயில்லை, அன்ரி?" என்றேன். "எங்களிட்ட என்னத்தைக் கண்டு பரவாயில்லை எண்டுறியள்?"

"பிள்ளை!" என்றா அம்மா.

"நல்லா நீட்டுறாய் வாய்" என்றா அன்ரி, மூக்கால் மூச்சுவிட்டு.

மூலையில் இருந்த பிள்ளை அப்போதுதான் பேசினாள், லண்டன் ஆங்கிலம் ஏறிய தமிழில். "அம்மா, அவ கேக்கிறது சரிதானே. நீங்கள் வீட்டிலயும் இதைத்தான் சொல்லுறியள். எனக்கு வெக்கமா இருக்கு." அன்ரி மகளைத் திரும்பிப் பார்த்தா. பிறகு ஒரு பற்றிஸை எடுத்துக் கடித்தா. எங்கள் ஆட்களின் சம்பந்தத்தில், பலகாரத்தில் கைவைத்தால் ஓம் என்று அர்த்தம். மன்னிப்பு ஒன்றும் வரவில்லை, 'பரவாயில்லை' திரும்பியும் எடுக்கப்படவில்லை. அண்ணையின் தோள் மட்டும் கீழே இறங்கியது.

கலியாணம் மோர்டனில் ஒரு மண்டபத்தில். அழைப்பிதழில் அண்ணை ஊரின் பெயரைப் போடவைத்தான். அப்பா அம்மாவின் பெயருக்குக் கீழே, நெடுந்தீவு என்று, தடித்த எழுத்தில். சிட்னி அன்ரி அதற்கென்று விமானமேறி வந்திருந்தா. உருண்டை மனுசி. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டா.

"நீதானே அந்தப் பெட்டை? எவ்வளவு நேரம் நிண்டனான் தெரியுமே? இடியப்பம் எல்லாம் புளிச்சுப்போச்சு. அதுசரி, அந்தத் தீவில உன்னை ஏத்த ஆர் வந்தது?"

"எல்லாரும் அன்ரி. ஊரே வந்தது."

"அது காணும்" என்றா. அவவுக்கு அதுதான் கவலையாக இருந்ததாம். என்னைக் கதிரையில் இருத்தி, அங்கே சனம் என்ன சாப்பிடுகிறது என்று கேட்டா. நான் கிழங்குக் குழியைச் சொன்னேன், மஞ்சள் இலையைச் சொன்னேன். லண்டனில் அதை முதன்முதல் காதுகொடுத்துக் கேட்டவ அவதான். "ஐயோ, அப்ப அந்தச் சனம் எங்க போகும்?" என்றா.

அந்த நேரம்தான் பக்கத்து மேசையில் அம்மாவின் குரல் கேட்டது. புதிதாக வந்த யாரோ ஒரு மனுசி, மடியில் அழைப்பிதழோடு, அம்மாவின் கையைப் பிடித்துக் கேட்டிருக்கவேண்டும்.

"ஊரில நாங்கள்" என்றா அம்மா, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "ரவுண் பக்கம்."

நான் கையிலிருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டு எழும்பி, அம்மாவின் மேசைக்கு நடந்தேன்.